ஒப்புக்குச் சப்பாணி

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எங்கள் அணியின் வலைக்குள் வரிசையாக நாலு கோல் போட்டுவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிற எதிரணிப் பேராசிரியை அம்மா அவர்களே! அரங்கத்தில் அமர்ந்திருக்கிற பெரியோர்களே! வீட்டில் வடைக்கு அரைத்துக்கொண்டே ஒரு காதை மட்டும் தொலைக்காட்சிப் பக்கம் வைத்திருக்கிற தாய்மார்களே! 

இந்தத் தலைப்பைத் தொலைபேசியில் சொன்னபோது, 'என்னது?' என்று நான் இரண்டு முறை கேட்டேன். இருபத்தைந்து வருஷமாக மேடையில் பேசுகிறேன். மாமியாரா மருமகளா என்று பேசியாயிற்று. பணமா குணமா என்று பேசியாயிற்று. கண்ணகிக்காக அழுதிருக்கிறேன்; அடுத்த மாதமே மாதவிக்காகவும் அழுதிருக்கிறேன். 'பெரிய கால்பந்துக் கிளப்புகளின் இரண்டாம் அணிகளைக் கீழ்நிலை லீக்குகளில் சேர்க்கலாமா, கூடாதா?' என்று எனக்கு ஒரு தலைப்பு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. என் மனைவி கேட்டாள்: "உங்களுக்கும் பந்துக்கும் என்னங்க சம்பந்தம்? காய்கறிப் பையைத் தூக்கிட்டு மாடி ஏறுனாலே உங்களுக்கு மூச்சு வாங்குது." நான் சொன்னேன்: "ஓடுறவன் பேசமாட்டான்டி. பேசுறதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க." (சிரிப்பு)

தாய்மார்களுக்காகத் தலைப்பைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கால்பந்து ஒரு நாலு மாடிக் கட்டடம். மேல் மாடியில் 20 கிளப்புகள். அதுதான் பிரீமியர் லீக், நம் பிள்ளைகள் ராத்திரி கண் விழித்துப் பார்க்கிறார்களே, அது. அதற்குக் கீழே மூன்று மாடி. மாடிக்கு 24 கிளப்புகள். மொத்தம் 92. அதற்கும் கீழே தரைத்தளம், திண்ணை, தெரு என்று படி படியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வருஷமும் ஜெயித்தவர்கள் ஒரு மாடி மேலே ஏறுவார்கள். கடைசியில் வந்தவர்கள் ஒரு மாடி கீழே இறங்குவார்கள். இவன் பெரிய வீட்டுப் பிள்ளை, இவன் ஏழை என்று படிக்கட்டு பார்க்காது. ஏறினால் ஏறினதுதான்; விழுந்தால் விழுந்ததுதான்.

இப்போது பிரச்சினை எங்கே வருகிறது? பெரிய கிளப்புகளிடம் ஆட்டக்காரர்கள் ஏராளம். ஆட்டத்தில் இறங்குவது பதினோரு பேர். மிச்சம் இருக்கிற பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் என்ன செய்வார்கள்? அவர்களையெல்லாம் சேர்த்து ஓர் இரண்டாம் அணி கட்டி, அந்த அணியைக் கீழ் மாடியில் ஒரு வீட்டில் குடி வைத்துவிடலாம் என்கிறார்கள். ஸ்பெயினில் வெகு காலமாக அப்படித்தான். ஜெர்மனியிலும் உண்டு. நெதர்லாந்தில் 2013இல் அயாக்ஸ் போன்ற கிளப்புகளின் இளைஞர் அணிகளை இரண்டாம் டிவிஷனில் சேர்த்தார்கள். இங்கிலாந்து 2014இல் இதைப் பற்றி யோசித்தது. யோசித்தவுடன் ஊரே எழுந்து நின்று 'கூடாது' என்றது. அந்தக் 'கூடாது' பக்கத்தில்தான் நானும் நிற்கிறேன்.

நடுவர் ஐயா, நாம் சின்ன வயதில் தெருவில் விளையாடியிருக்கிறோம். அக்கா விளையாடுகிற இடத்துக்குத் தம்பியும் வந்துவிடுவான். சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் அழுவான், வீட்டில் போய்ச் சொல்லிவிடுவான். சேர்த்துக்கொண்டால் ஆட்டம் கெட்டுப்போகும். அதற்கு நம் முன்னோர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். என்ன அது? ஒப்புக்குச் சப்பாணி! அவனும் ஓடலாம், அவனும் தொடலாம். ஆனால் அவன் அவுட் ஆனால் அவுட் இல்லை. அவன் ஜெயித்தால் ஜெயிப்பு இல்லை. கணக்கில் வராத ஆள். இந்த இரண்டாம் அணி இருக்கிறதே, அதுவும் ஒப்புக்குச் சப்பாணிதான். என்ன வித்தியாசம் என்றால், நம் தெருவில் ஒப்புக்குச் சப்பாணி நண்டு மாதிரி இருப்பான். இங்கே அவன் ஆறடி உயரம், பெரிய வீட்டுச் சாப்பாடு, தனியாக வைத்தியர், தனியாக ஜிம்! (சிரிப்பு)

எப்படிக் கணக்கில் வராத ஆள் என்று சொல்கிறேன். ஸ்பெயினில் ஒரு சட்டம். தாய்க் கிளப் இருக்கிற டிவிஷனில் அதன் இரண்டாம் அணி இருக்கக் கூடாது. நியாயமான சட்டம்தான். ஒரே வீட்டுக்காரர்கள் எதிரும் புதிருமாக நின்றால் ஆட்டம் நடக்குமா, குடும்பம் நடக்குமா? அதனால் இரண்டாம் அணி என்னதான் கிழித்தாலும் முதல் டிவிஷனுக்கு ஏற முடியாது. 1983-84ஆம் ஆண்டு இரண்டாம் டிவிஷனில் என்ன நடந்தது தெரியுமா? முதலிடம் யார்? ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டில்லா. சரி, அது மேலே போக முடியாது. இரண்டாம் இடம் யார்? பில்பாவோ அத்லெட்டிக். அது யார்? அத்லெட்டிக் கிளப்பின் இரண்டாம் அணி! அதுவும் போக முடியாது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வந்தவர்கள் ஏறிப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் எடுத்த பையனையும் இரண்டாம் ரேங்க் எடுத்த பையனையும் அதே வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, மூன்றாம் ரேங்க்கைக் கூப்பிட்டு 'நீ பாஸ்' என்று சொன்னால் அதற்குப் பெயர் பரீட்சையா ஐயா?

இது ஏதோ அந்தக் காலத்துக் கதை என்று அம்மா அவர்கள் நினைத்துவிடக் கூடாது. நெதர்லாந்தில் 2018இல் அயாக்ஸ் இளைஞர் அணி இரண்டாம் டிவிஷனில் முதலிடம். மேலே போனதா? இல்லை. ஜெர்மனியில் இரண்டாம் அணிகள் மூன்றாம் டிவிஷனுக்கு மேல் ஏறக் கூடாது. 2019-20இல் பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணி அந்த மூன்றாம் டிவிஷனில் முதலிடம். கோப்பை கிடைத்தது, படி கிடைக்கவில்லை. சரி, அடுத்த வருஷம் அதே அணி என்ன ஆனது? நான்காம் டிவிஷனுக்கு விழுந்துவிட்டது! போன வருஷம் சாம்பியன். இந்த வருஷம் தோல்வி. ஏன்? நன்றாக ஆடுகிற பையனை மேல் அணி எடுத்துக்கொள்ளும், இல்லை விற்றுவிடும். எடுத்துக்கொள்வதற்காகத்தானே அந்த அணியே இருக்கிறது! இரண்டாம் அணியோடு இன்றைக்கு ஆடுகிறவனுக்கு வலுவான பதினோரு பேர் எதிரே நிற்பார்கள்; இரண்டு மாதம் கழித்து ஆடுகிறவனுக்கு மீசை முளைக்காத பதினோரு பேர் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பாயிண்ட். வியாபாரி ஆளுக்கொரு படி வைத்து அளந்தால் நாம் சும்மா விடுவோமா?

இதைவிடப் பாவம், அந்தப் பையன்கள். 2012இல் வில்லாரியல் என்ற கிளப் முதல் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்தது. அதன் இரண்டாம் அணி ஏற்கெனவே அந்த இரண்டாம் டிவிஷனில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தது. விழுகிற இடத்தில் அவர்கள் இல்லை. ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது? அம்மா வருகிறார், நீ இடத்தைக் காலி செய்! ஒரு தப்பும் செய்யாத பையன்கள் ஒரு டிவிஷன் கீழே போனார்கள். மாமியார் பானையை உடைத்தால் மருமகள் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்கிற சட்டம் இது. மகளிர் அணி சார்பாக அம்மா அவர்கள் இதையாவது கண்டித்திருக்க வேண்டாமா? (கைதட்டல்)

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பிளஸ் டூ படித்த வருஷம், பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கபடிப் போட்டி. ஆளும் பணமும் நிறைய உள்ள பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு அணி கொடுத்தார்கள். 'ஏ டீம்', 'பி டீம்'. போட்டி நடத்துகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இரட்டிப்பாகக் கிடைக்கிறது, வேண்டாம் என்பார்களா? அரையிறுதியில் எங்கள் ஊர் ஒரு பக்கம் இன்னோர் ஊரோடு மோதுகிறது. முட்டியெல்லாம் ரத்தம். எங்கள் பெரியப்பா மகன் தோள்பட்டை இறங்கிப்போய், துண்டால் கட்டிக்கொண்டு ஆடினான். அடுத்த அரையிறுதி, அந்த ஏ டீமும் பி டீமும். பி டீம் பையன் பாடி வந்த அழகைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி நடந்து வந்தான். ஏ டீம்காரன் அவனைப் பிடித்த அழகு, பேரனைத் தாத்தா தூக்குகிற மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஏ டீம் வியர்வைகூட வராமல் இறுதிப் போட்டிக்கு வந்தது. நாங்கள் நொண்டிக்கொண்டு வந்தோம். தோற்றோம். தோற்றதுகூடப் பெரிதில்லை ஐயா. தோற்றுவிட்டுத் திரும்பி நடக்கும்போது எங்கள் பெரியப்பா மகன் ஒன்று கேட்டான்: "டேய், அவனுங்க தங்களுக்குள்ள ஆடுனாங்களே, அது ஆட்டமா?" இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அதே ஆட்டம் ஒரு நாட்டின் கோப்பைக்கே நடந்திருக்கிறது. 1980, ஜூன் 4. மாட்ரிட் நகரம், பெர்னபியூ மைதானம். ஸ்பெயின் மன்னர் பெயரில் உள்ள கோப்பையின் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ரியல் மாட்ரிட். எதிர்ப் பக்கம்? ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணி காஸ்டில்லா! அந்தத் தம்பிகளைக் குறைத்துச் சொல்லமாட்டேன். முதல் டிவிஷன் அணிகள் நான்கை வீழ்த்திவிட்டு வந்தவர்கள் அவர்கள். இறுதிப் போட்டியில் அண்ணன்மார்கள் 6-1 என்று ஜெயித்தார்கள். தம்பிகள் விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, நிச்சயமாகச் சொல்லமாட்டேன். அண்ணன்கள் நிஜமாகவே பலசாலிகள், அந்த வருஷம் லீக்கையும் ஜெயித்தவர்கள். ஆனால் தோற்ற தம்பி வீட்டுக்குப் போனால் அங்கே கோப்பை இருக்கிறது. அழுவதா, சிரிப்பதா? ஸ்பெயின்காரர்களே யோசித்துப் பார்த்து, 1990-91இலிருந்து இரண்டாம் அணிகளுக்கு அந்தக் கோப்பைப் போட்டியில் இடமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஜெர்மனியிலும் பிற்பாடு 2008இல் கோப்பைப் போட்டியிலிருந்து நிறுத்தினார்கள். இந்த முறையை வைத்திருக்கிறவர்களே பாதியை வெட்டி எறிந்துவிட்டார்கள். மீதிப் பாதியை வாங்கி வையுங்கள் என்று அம்மா அவர்கள் நம்மிடம் விற்க வந்திருக்கிறார்கள்.

இனி அம்மா அவர்களின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். அவர்கள் கேட்டார்கள்: "பையன்கள் எங்கேதான் கற்றுக்கொள்வது? பார்சிலோனாவின் இரண்டாம் அணியைப் பாருங்கள்" என்றார்கள். பார்த்தேன். 2007-08இல் அந்த அணி நான்காம் டிவிஷனில் கிடந்தது. பயிற்சியாளர் பெப் கார்டியோலா. அங்கே ஆடிய புஸ்கெட்ஸ், பெத்ரோ என்ற இரண்டு பையன்கள், இரண்டே வருஷத்தில், 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஸ்பெயினுக்காக இறங்கினார்கள், கோப்பையும் வாங்கினார்கள். அம்மா, இது உண்மை. மறுக்க முடியாது. பட்டிமன்றத்தில் எதிரணி சொன்ன உண்மையை மறுத்தால் கைதட்டல் கிடைக்கும், தூக்கம் கிடைக்காது. ஒத்துக்கொள்கிறேன். மேடு பள்ளமான மைதானத்தில், முப்பது வயது முரட்டு ஆளிடம் இடிபட்டால்தான் பையன் ஆட்டக்காரன் ஆவான். ஒத்த வயதுப் பையன்களோடு மெத்தைப் புல்லில் ஆடினால் ஆகமாட்டான். அவர்களுடைய நோய் நிஜமான நோய்தான்.

மருந்தைப் பற்றித்தான் எனக்குச் சண்டை.

நாம் நெல் விளைகிற நாட்டுக்காரர்கள். நாற்றங்காலிலேயே யாராவது அறுவடை செய்வார்களா? நாற்றைப் பிடுங்க வேண்டும். வயலில் கொண்டுபோய் நட வேண்டும். புது மண்ணில் இரண்டு நாள் வாடும். பிறகு பச்சை பிடிக்கும். இங்கிலாந்தில் அதைத்தான் செய்கிறார்கள். அதற்குப் பெயர் லோன். பெரிய கிளப் தன் பையனை ஆறு மாதமோ ஒரு வருஷமோ சின்ன ஊர்க் கிளப்புக்குக் கொடுத்து அனுப்பும். அவன் அந்த ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுவான். 1995இல் டேவிட் பெக்காம் என்ற பையன் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து பிரெஸ்டன் ஊருக்குப் போனார். ஐந்தே ஆட்டம்தான். இரண்டு கோல், அதில் ஒன்று கார்னரிலிருந்து நேராக வலைக்குள்! இங்கிலாந்தின் கோல் கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டைத் தெரியும். சண்டர்லாண்ட் கிளப் பையன். அவர் எங்கெங்கே நாற்று நடப்பட்டார் தெரியுமா? டார்லிங்டன், ஆல்ஃப்ரீட்டன், பர்ட்டன், கார்லைல், பிராட்ஃபோர்ட், பிரெஸ்டன். ஆறு ஊர்! நம் ஊர் வாத்தியார்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுகிற மாதிரி மாற்றினார்கள். அதில்தான் அவர் கோல் கீப்பர் ஆனார்.

ஹாரி கேன் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். டாட்டன்ஹாம் கிளப்பில் பதினேழு வயதுப் பையன். 2011 ஜனவரியில் லேட்டன் ஓரியன்ட் என்ற சின்னக் கிளப்புக்கு லோனில் அனுப்பினார்கள். பின்னாளில் அவர் இங்கிலாந்துக்காக அதிகக் கோல் போட்டவர் ஆனார். 2020இல் கொரோனா வந்து எல்லா மைதானமும் பூட்டிக் கிடந்த நேரம், சின்னக் கிளப்புகளுக்கு வருமானம் இல்லை. அப்போது கேன் என்ன செய்தார்? அந்த ஓரியன்ட் கிளப்பின் சட்டை விளம்பரத்தைத் தன் காசு கொடுத்து வாங்கினார். வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொண்டாரா? இல்லை. ஒரு சட்டையில் முன்களப் பணியாளர்களுக்கு நன்றி. இன்னொன்றில் நோயுற்ற குழந்தைகளுக்கான ஒரு பராமரிப்பு இல்லம். மூன்றாவதில் ஒரு மனநலத் தொண்டு நிறுவனம். உப்பிட்ட ஊரை அவர் உள்ளளவும் நினைத்தார். (கைதட்டல்) இதே பையன் டாட்டன்ஹாமின் இரண்டாம் அணிக்காக ஓரியன்ட் மைதானத்துக்கு வந்திருந்தால்? பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பார், ரெண்டு கோல் போட்டிருப்பார், பஸ் ஏறிப் போயிருப்பார். லோன் என்றால் அந்த ஊருக்காக ஆடுகிறான். இரண்டாம் அணி என்றால் அந்த ஊரை எதிர்த்து ஆடுகிறான். முன்னது அடுத்தவர் வயலுக்கு நாற்றுக் கொடுப்பது. பின்னது அடுத்தவர் வயலில் நம் நாற்றங்காலைப் போடுவது.

சரி, யாருடைய வயல் அது? கீழ் மாடி யாருக்காக? பெரிய கிளப்புகள் வேண்டாம் என்று தள்ளிய பையன்களுக்காக. ஜேமி வார்டி என்று ஒருவர். பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் அவரை 'நீ தேறமாட்டாய்' என்று அனுப்பிவிட்டது. பிறகு ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்ன ஊர் அணி. பகலில் தொழிற்சாலையில், உடைந்த கை கால்களுக்குக் கட்டுகிற பட்டைகள் செய்கிற வேலை, சாயங்காலம் பந்து. படி படியாக ஏறி, 2012இல் லெஸ்டர் கிளப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. 2015இல் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல்! 2016இல் லெஸ்டர் இங்கிலாந்தின் சாம்பியன்! அம்மா சொல்கிற மாதிரி அந்தக் கீழ்ப்படிகளில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தால், பதினாறு வயதில் தள்ளப்பட்ட இந்தப் பையன் எந்தப் படியில் கால் வைத்திருப்பான்?

இப்போது 2014. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் கிரெக் டைக். நல்ல மனிதர், நாட்டின் மேல் அக்கறை உள்ளவர். 1992-93இல் மேல் மாடியில் களம் இறங்கியவர்களில் 69 சதவீதம் பேர் இங்கிலாந்துக்காரர்கள். 2012-13இல் 32 சதவீதம். நம் பையன்கள் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் விடை என்ன சொன்னார்கள்? நான்காம் மாடிக்குக் கீழே புதிதாக ஒரு மாடி கட்டுவோம். 20 இடம். அதில் 10 இடம் பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளுக்கு.

பந்தி நடக்கிறது ஐயா. வெளியே வெயிலில் பசியோடு நிற்கிறார்கள். இருபது இலை போட்டிருக்கிறது. அதில் பத்து இலையில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் துண்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே மேல் மாடியில் தலைவாழை இலையில் சாப்பிட்டு ஏப்பம் விட்டவர்கள்! கேட்டால், "எங்க சின்னவனுக்குச் சாப்பிடப் பழக்கணும்" என்கிறார்கள். (சிரிப்பு)

அந்த வெயிலில் நிற்கிறவர்களின் அருமை தெரிய வேண்டுமென்றால் விம்பிள்டனைப் பாருங்கள். டென்னிஸ் இல்லை, அந்த ஊரின் கால்பந்து. 2002இல் அவர்களுடைய கிளப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டில் உட்காரவில்லை. தாங்களே ஒரு கிளப் தொடங்கினார்கள். ஊர்ப் பொது வெளியில் 'ஆட வருகிறவர்கள் வரலாம்' என்று கூப்பிட்டு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். எங்கோ அடியில், பெயர் தெரியாத ஒரு லீக்கில் தொடங்கி, ஐந்து முறை படி ஏறி, 2011இல் அந்த 92 வீடுகளில் ஒரு வீட்டுக்குள் வந்தார்கள். ஒன்பது வருஷம்! இவர்கள் ஒன்பது வருஷம் ஏறிய படியில் இன்னொருவர் லிஃப்ட்டில் வந்து இறங்கினால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இளைஞர் அணிகளை வேறு வாசல் வழியாக, 2016இல், கீழ் இரண்டு மாடிக்கான ஒரு கோப்பைப் போட்டியில் சேர்த்தார்கள். 48 கிளப்புகளோடு 16 இளைஞர் அணிகள். ரசிகர்கள் பல ஊர்களில் மைதானத்துக்கே போகவில்லை. வேடிக்கை கேளுங்கள்: இளைஞர்களை வளர்க்கத்தான் அந்த ஏற்பாடு. லூட்டன் கிளப் தன் சொந்த இளைஞர்களை ஆட வைத்தது. என்ன கிடைத்தது? முழு பலத்தோடு அணியை இறக்கவில்லை என்று 15,000 பவுண்டு அபராதம்! பெரிய வீட்டுப் பிள்ளை ஆடினால் வளர்ச்சி. சின்ன வீட்டுப் பிள்ளை ஆடினால் குற்றம்.

அம்மா எழுந்து, "அப்படியானால் 2024 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தை ஜெயித்தது யார்? இரண்டாம் அணி வைத்திருக்கிற ஸ்பெயின்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம், ஸ்பெயின்தான். 2-1. நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆனால் அந்த இங்கிலாந்து, ஐந்தாம் மாடி கட்டாமலேயே 2018 உலகக் கோப்பையில் அரையிறுதிக்கு வந்தது. 2021, 2024 இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளிலும் இறுதிக்கு வந்தது. ஒருவேளை அந்தப் பத்து இலையைப் பிடுங்கியிருந்தால் ஒரு கோப்பை கூடக் கிடைத்திருக்குமோ என்னமோ. கிடைத்திருந்தாலும் நான் இதே பக்கம்தான் பேசுவேன். ஏன் என்பதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

என் மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். 2024 தொடக்கத்தில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். மருமகன் ஒரு சனிக்கிழமை, "மாமா, ஆட்டம் பார்க்கப் போவோம்" என்றார். யுனைடெட்டா, சிட்டியா என்று ஆசையாகக் கேட்டேன். "அதுக்கெல்லாம் டிக்கெட் கிடைக்காது மாமா. பெரி போவோம்" என்று டிராமில் ஏற்றிவிட்டார். பெரி என்பது பக்கத்தில் ஒரு சின்ன ஊர். 1885இல் தொடங்கிய கிளப். 1903இல் டெர்பி அணியை 6-0 என்று அடித்து எஃப்.ஏ. கோப்பை வாங்கியவர்கள். 1894இலிருந்து 125 வருஷம் லீக்கில் இருந்தவர்கள். 2019இல் கிளப் கடனில் மூழ்கியது. கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறது என்று உரிமையாளரால் காட்ட முடியவில்லை. லீக் கெடு வைத்தது. முன்னாள் இயக்குநரான ஓர் அம்மையார் மைதானத்துச் சுவர்க் குழாயோடு தன் கையை விலங்கிட்டுக்கொண்டு நின்றார். ஆகஸ்ட் 27, கெடுவின் கடைசி நாள். வேறொருவர் வாங்கிவிடுவார், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்று ஒரு பேச்சு. உடனே ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில், வேறு கிளப் ரசிகர்களும்கூட, வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கும்பாபிஷேகத்துக்குக் கோயிலைக் கழுவுகிற மாதிரி மைதானத்தைக் கழுவினார்கள். அன்று ராத்திரி லீக்கிலிருந்து பெரியை நீக்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது.

அந்த வருஷம் அந்த டிவிஷனில் 24 அணிகளுக்குப் பதில் 23 அணிகள்தான் ஆடின. அந்த இடத்தில் அந்த வருஷம் யாரையும் உட்கார வைக்கவில்லை. இலை காலியாகவே இருந்தது.

நான் போனபோது அவர்கள் அதே மைதானத்துக்குத் திரும்பி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்போது ஒன்பதாம் படியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மழைத் தூறல். மூவாயிரம் பேர் இருந்திருப்பார்கள்! என் பக்கத்தில் ஒரு பெரியவர், எழுபது, எழுபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் நீலமும் வெள்ளையும் கலந்த கம்பளித் துண்டு. ஆட்டம் சுமார்தான், எனக்கே பந்து கொடுத்தால் ஒன்றிரண்டு தடுத்திருப்பேன் போலிருந்தது. இடைவேளையில் மருமகனை மொழிபெயர்க்கச் சொல்லி அவரிடம் கேட்டேன்: "பத்து மைல் தூரத்தில் உலகத்திலேயே பெரிய இரண்டு கிளப் இருக்கிறதே, இந்த மழையில் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையை இரண்டு முறை தட்டினார். "அன்னைக்கு நான் துடைச்சது இந்த நாற்காலியத்தான்" என்றார். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. அவர் முகத்தை மைதானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார்கள்.